கொங்குநாட்டு நாடோடிப் பாட்டும் வெள்ளித்திரைப் பாட்டும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் ஊர் சென்றிருந்தபோது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. எம்மூர் அனுப்பர்பாளையம், திருப்பூரினின்று அவிநாசிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. பித்தளைப் பாத்திரங்களுக்கும் செம்புப் பாத்திரங்களுக்கும் பேர்போன ஊராதலின், ஆண்டுக் காலையில் கண்விழிப்பார் செவியில் முதற்கண் விழுவது பட்டறைகளில் எழும் சுத்தியல் ஓசையே. இப்பொழுது அவ்வோசையோடு பனியன் கம்பெனிகளின் தையல் இயந்திர ஓசையும், அவ்விரண்டையும் விஞ்சி ஒலிக்கும் வானொலிப் பாட்டும் கலந்துவிட்டன. அன்று அடுத்த சந்திலிருந்த கம்பெனியொன்றில் திரைப்பாட்டொன்று முழங்கிக்கொண்டிருந்தது. திண்ணையில் அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எம் அப்பத்தா கையை நிறுத்திச் சற்றே செவி சாய்த்தார். "இது எங்க கும்மி மெட்டு, சாமி! சினிமாக்காரன் எப்ப எடுத்துக்கிட்டுப் போனானோ!" என்றார். யான் நகைத்து, "சென்னைப் பட்டணத்து இசைக்காரர் நம்ம சந்துக்கு வந்தா கேட்டிருப்பாரு, அப்பத்தா?" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் அவர் விரல்கள் முறத்தின் விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. அத்தட்டு அப்பாட்டின் தாளத்தோடு இம்மியும் பிசகாது பொருந்திற்று. யான் நகைத்தது பிழையென்று அப்பொழுதே தோன்றிற்று.

நாடெங்கும் பல்லாயிரவர் கேட்டு மகிழும் திரைப்பாட்டுக்கும், ஏட்டிலும் ஏறாது எவர் பெயரும் தாங்காது வயலிலும் களத்திலும் வழங்கிவந்த நாடோடிப் பாட்டுக்கும் உள்ள உறவு யாது என்பதை, எம் கொங்குநாட்டை முன்னிறுத்தி ஒருவாறு ஆராய்வதே ஈண்டு யான் மேற்கொண்ட முயற்சி. நாடோடிப் பாட்டு என்னும் பெயரைச் சிலர் விரும்பார். நாட்டுப்புறப் பாடல் என்பர், மக்கள் பாடல் என்பர். பழம்பெயரில் எனக்கு ஒரு பற்று உண்டு. பாட்டு ஓரூரில் நில்லாது நாடெங்கும் ஓடுவது அன்றோ?

இவ்வுறவு நேற்று முளைத்ததன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என ஒன்றைக் கூறுகின்றார். உரையாசிரியராகிய பேராசிரியர் அதனை எழுத்து வழக்கில் பயிலாத பாட்டுவகை என்னும் கருத்துப்பட விளக்குவர். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டால், ஆய்ச்சியர் குரவையும் குன்றக் குரவையும் வேட்டுவ வரியும், வாழ்த்துக் காதையில் வரும் அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை ஆகியனவும் பெரும்புலவர் ஒருவர் எளிய மக்களின் பாட்டைத் தம் காப்பியத்துள் ஏற்றதற்குச் சான்றாம். வள்ளை என்பது பெண்டிர் உலக்கை கொண்டு குற்றும்போது பாடும் பாட்டு. மாணிக்கவாசகர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம் என்று மகளிர் விளையாட்டுப் பாட்டுகளின் பெயரையே தம் பதிகங்களுக்கு இட்டார். தெருவில் கேட்ட மெட்டைக் கோயிலுக்குக் கொண்டுவந்த அப்பெரியாரை எவரும் பழித்திலர். திரைப்படத்தார் அதனையே செய்தால் மட்டும் நம்மனோர் முகஞ்சுளிப்பது ஏனோ?

இனிக் கொங்குநாட்டுக்கு வருவாம். இது மழை குறைந்த மேட்டு நிலம். கிணற்று நீரே உழவர்க்கு உயிர். கவலை இறைத்தல் என்று எம்மூர்ப்புறத்தில் கூறுவர். இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, தோற்பறி நீர்கொண்டு மேலேறும். எருதுகள் பின்னோக்கி ஏற, பறி கிணற்றுள் இறங்கும். அவ்விறக்கத்திற்கும் ஏற்றத்திற்கும் ஒப்ப ஓட்டுபவன் பாடுவான். பாட்டின் நீட்டம் கயிற்றின் நீட்டம். மூச்சு விடும் இடம் பறி கவிழும் இடம். எத்தனை பறி இறைத்தோம் என்னும் கணக்கும் பாட்டிலேயே வரும். 1932-இல் பைக்காராவில் நீர்மின்சாரம் எடுக்கப்பட்டுக் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்தது. பின்னர்ப் பையப்பையக் கிணறுதோறும் மின்பொறி அமைந்தது. பொறி நீரை இறைத்தது, பாடவில்லை. உழவன் தோள் இளைப்பாறியதற்கு யான் வருந்தேன். வேலையோடு பிறந்த பாட்டு அவ்வேலை போனவுடன் தானும் போயிற்று என்பதே யான் கூற விழைவது. பாரதியார் தம் குயில் பாட்டில் ஏற்றப்பாட்டிலும் நெல் குற்றும் பெண்டிர் பாட்டிலும் கும்மியிலும் நெஞ்சைப் பறிகொடுத்தமையைக் கூறுகின்றார். அவர் கேட்ட அப்பாட்டுகளில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது பெரும்பாலும் கும்மி ஒன்றே.

கும்மி எஞ்சியதற்குக் காரணம் உண்டு. அது வேலைக்கு உரியதன்று, விழாவுக்கு உரியது. வட்டமாக நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் கைகொட்டி ஆடுவர். தாளம் பெரும்பாலும் மும்மை நடை. அடிதோறும் ஏழு சீர் நின்று, எட்டாம் சீருக்குரிய இடம் குரலின் நீட்டத்தால் நிரம்பும். யாப்பருங்கலம் கற்கும் நம் வகுப்பினர் இதனை அலகிட்டுப் பார்ப்பின், எழுத்தறியாத பெண்டிர் ஒரு சீரும் வழுவாது பாடுவது கண்டு வியப்பர். வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி கொங்குநாட்டில் அண்மைக் காலத்தே மீண்டும் தழைத்து வருகின்றது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நிறச் சீலையுடுத்தி ஒருங்கு ஆடுகின்றனர். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் என்னும் முதியவர் இக்கலையைப் பல்லாண்டு கற்பித்தமைக்காக 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கும்மியினும் ஆழ்ந்தது உடுக்கைப் பாட்டு. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் தங்கையும் வாழ்ந்து மடிந்த கதையை அண்ணன்மார் கதை என்பர்; குன்றுடையான் கதை எனவும் வழங்கும். மணப்பாறைக்கு அணித்தாகிய வீரப்பூரில் இவர்க்குக் கோயிலும் மாசித் திருவிழாவும் உண்டு. உடுக்கையடித்துப் பாடுவோர் இதனைப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவர். பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு அம்மையார் 1965-இல் காங்கேயத்தை அடுத்த சிற்றூரொன்றில் தங்கியிருந்து இக்கதை முழுவதையும் பாடகர் வாயிலாகக் கேட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதுபற்றி 1982-இல் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூலொன்றும், 1992-இல் தமிழ்மூலமும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பும் வெளிவந்தன. காங்கேயம் எம்மூரினின்று பேருந்தில் போய்வரும் தொலைவே. கடல் கடந்து வந்தவர் கேட்டு எழுதியதை, அருகே பிறந்த யான் கல்லூரி நூல்நிலையத்தில் வாசித்துத்தான் அறிந்தேன் என்பதைச் சொல்ல நாணுகின்றேன். 1871-லேயே கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாடோடிப் பாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். தமிழறிஞருள் கி. வா. ஜகந்நாதன் அவர்களும் நா. வானமாமலை அவர்களும் பின்னர் இத்துறையில் பெருந்தொண்டு ஆற்றினர்.

இப்பாட்டுகளின் இசையமைப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நம் முன்னோர் ஏழு சுரம் உடையதைப் பண் என்றும், ஆறுடையதைப் பண்ணியற்றிறம் என்றும், ஐந்துடையதைத் திறம் என்றும், நான்குடையதைத் திறத்திறம் என்றும் வகுத்தனர். நாடோடிப் பாட்டுகளில் பல ஐந்து சுரத்திற்குள்ளேயே அடங்குவன. தாலாட்டுகளில் அதனினும் குறைந்தனவும் உள. இஃது எளிமையேயன்றி வறுமையன்று. ஆப்பிரிக்கக் கண்டத்துச் சூடான் நாட்டின் இசையும் பெரும்பாலும் ஐந்து சுர இசையே என்று வாசித்தபோது எனக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. அந்நாட்டில் ஓம்துர்மான் நகரத்தில் 1920-ஆம் ஆண்டுகளை ஒட்டித் தழைத்த ஹகீபா என்னும் பாட்டுமுறை, சமயப் புகழ்ப்பாட்டுகளும் நாட்டுப்பாட்டுகளும் கலந்து விளைந்தது. ஒருவர் பாட, சிலர் கைகொட்டிப் பின்பாடுவர். அப்பெயரே பின்னாளில் அப்பாட்டுகளை ஒலிபரப்பிய வானொலி நிகழ்ச்சியொன்றால் வந்ததாம். நூபியர் குலத்தவராகிய முகம்மது வர்தி (1932–2012) தம்மூர் யாழாகிய தம்பூரை மீட்டிப் பழகி, பின்னர் நாடு முழுதும் போற்றும் பாடகரானார். நைல் ஆற்றங்கரையில் நிகழ்ந்ததும் நொய்யலாற்றங்கரையில் நிகழ்ந்ததும் ஒரே கதையின் இரு படிகள் போலும்.

நொய்யற்கரைக் கதையில் முதலில் வருவது நாடகமேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்களில் கருநாடக இசையோடு நொண்டிச் சிந்தும் காவடிச் சிந்தும் தெம்மாங்கும் விரவி வந்தன. அந்நாளில் காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-இல் பிறந்த சுந்தராம்பாள் என்னும் ஏழைச் சிறுமி இரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றுவந்ததாகவும், அக்குரலைக் கேட்டோர் அவரை நாடகத்திற்கு அழைத்துச் சென்றதாகவும் கூறுவர். அவரே பின்னர்க் கே. பி. சுந்தராம்பாள் எனப் புகழ் பெற்றார். அவர் பாடிய இசைத்தட்டுகள் தமிழர் வாழும் இடமெல்லாம் சென்றன. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் பெரும்பேச்சாயிற்று.

திரைப்படமும் கொங்குநாட்டிற்குப் புதிதன்று. கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் இரயில்வேயில் எழுத்தராக இருந்து, 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படங்காட்டும் பொறியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துப் பேசாப்படம் காட்டியவர். 1931-இல் காளிதாஸ் வெளிவந்து படம் பேசவும் பாடவும் தொடங்கியபின், கோயம்புத்தூரிலேயே சென்டிரல் ஸ்டூடியோவும் பின்னர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவும் எழுந்தன. ஆயினும் தொடக்க காலத் திரைப்பாட்டு பெரிதும் கருநாடக இசையின் நிழலிலேயே நின்றது. நாடோடி மெட்டை அதற்குள் புகுத்தியவருள் முதன்மையாகக் கூறத்தக்கவர், இன்று எம் திருப்பூர் மாவட்டத்தைச் சார்ந்த உடுமலைப்பேட்டைக்கு அணித்தாகிய பூளவாடியிற் பிறந்த உடுமலை நாராயணகவி (1899–1981) அவர்கள். வேலைக்காரி, பராசக்தி முதலிய படங்களுக்குப் பாட்டெழுதியவர். பராசக்தியில் காக்கையைக் கூவியழைக்கும் பாட்டை அறியாதார் யார்? பிள்ளைகள் முற்றத்தில் நின்று காக்கைக்குச் சோறிடும் வழக்கத்தையே எடுத்து, அதனுள் சமுதாயத்தின் கொடுமையை வைத்துத் தந்தார். அவர்க்குப் பின் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் (1930–1959) இருபத்தொன்பது ஆண்டே வாழ்ந்து, உழவரும் தொழிலாளரும் தம் பாட்டென்றே எண்ணும் பாட்டுகளை விட்டுச் சென்றார்.

வானொலியைப் பற்றி மிக விரிக்க வேண்டா. 1952-ஐ ஒட்டி இந்திய வானொலி திரைப்பாட்டைப் பெரிதும் விலக்கியபோது, மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்டனர். விலக்கிய பாட்டு கடல் கடந்து வந்து சேர்ந்தது, அவ்வளவே.

1976-இல் அன்னக்கிளி வெளிவந்தது. தேனிச் சீமையின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜா அவர்கட்கு அதுவே முதற்படம். அன்னையார் பாடக் கேட்டும், தமையனார் பாவலர் வரதராசனோடு ஊர்தோறும் மேடையேறியும் பழகியவர் அவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையும் பயின்றார். வயற்காட்டு மெட்டைச் சிதைக்காமலே அதற்கு வயலின்களாலும் குழல்களாலும் பின்புலம் அமைத்தார் என்று இசை வல்லார் கூறுவர். எனக்கு அவ்வளவு நுட்பம் தெரியாது. அப்பாட்டைக் கேட்டபோது நாற்று நடுபவர் தம் குரலையே முதன்முதலாக வானொலியில் கேட்டதுபோல் மகிழ்ந்தனர் என்று எம் அப்பத்தா கூறுவார். அதனையே யான் மேலான திறனாய்வாகக் கருதுகின்றேன்.

ஆயின் நாடோடிப் பாட்டு திரைக்கு வரும்போது இழப்பது ஏதுமில்லையோ? உண்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். பாட்டின் அளவு அதனால் வரையறுக்கப்பட்டது. தட்டு மறைந்தும் அவ்வரையறை பெரிதும் மறைந்திலது. களத்தில் பாடுபவள் வேலை முடியும்வரை பாடுவாள். எதிரே நிற்பவளைப் பெயர் சொல்லி இழுப்பாள். பண்ணையக்காரனை மறைவாகப் பழிப்பாள். நேற்றுப் பாடியதை இன்று மாற்றுவாள். திரைப்பாட்டில் பல்லவியும் சரணமும் ஒருமுறை அமைந்தால் அமைந்ததே. ஒன்று ஆறு, மற்றொன்று குடத்தில் முகந்த நீர். குடத்து நீரும் தாகம் தீர்க்கும், அதனை இகழேன். ஆற்றை மறந்துவிட்டுக் குடத்தையே ஊற்றென்று கொள்வதுதான் பொருந்தாது.

இதனினும் பெரிய குறையொன்று உளது. மெட்டு மேடையேறிற்று, அதனைக் காத்துவந்தவர் மேடையேற நெடுநாள் ஆயிற்று. கொல்லங்குடிக் கருப்பாயி அம்மையார் 1985-இல் ஆண்பாவம் படத்தில் தோன்றிப் பாடினார். அதுபோல் பரவை முனியம்மா 2003-இல் தூள் படத்தில் பாடினார். எம் மேற்கெல்லையை அடுத்த அட்டப்பாடியில் ஆடு மேய்த்துவந்த இருளர் குல மூதாட்டி நஞ்சம்மாள், 2020-இல் வெளிவந்த மலையாளப் படமொன்றில் தம் தாய்மொழியிலேயே பாடி, 2022-இல் சிறந்த பாடகிக்கான தேசிய விருது பெற்றார். முறையாக இசை கல்லாதார்க்கு அவ்விருது தகுமோ என்று அப்போது வினவியவரும் உளர்! 2021-இல் அறிவு என்னும் இளைஞர் தம் பாட்டியாராகிய வள்ளியம்மாளின் வாழ்வை நினைந்து எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவியது; ஒப்பாரியின் சாயல் அதில் உண்டு. அதன்பின், அப்பாட்டின் ஆக்கத்தில் எவர்க்கு எத்துணைப் பங்கு என்பதுபற்றிப் பெருஞ் சொற்போர் எழுந்ததையும் அறிவோம். எம் அப்பத்தாவின் வினாவும் அதுவே யன்றோ? அவர் காசு கேட்கவில்லை. எவரேனும், "இஃது இன்னார் பாட்டு" என்று சொல்லவேண்டும் என்றே கேட்டார்.

இவ்விடத்தில் எம் குடும்பச் செய்தியொன்றைக் கூறாது மேற்செல்ல மனம் இடந்தரவில்லை. எம் பாட்டனார் பறையடிப்பவர். திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அடிப்பார்; கூலியாகத் தானியமும் பழந்துணியும் பெறுவார். அடிப்பவர் இன்றி ஊரில் ஒன்றும் நடவாது. ஆயினும் அடிப்பவர் ஊர்க்குள் நடக்கலாகாது. அவர் திருச்சபையிற் சேர்ந்தபோது, அக்கருவி பழைய வாழ்வின் அடையாளம், அதனை விட்டுவிடுக என்று மூப்பர் சிலர் கூறினராம். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கூறியிருப்பர். இழிவைக் களைய விரும்பினர். பாட்டனாரும் மகிழ்ந்தே விட்டார் என்று எந்தையார் கூறுவர். ஆனால் அவர் பறையை விற்கவுமில்லை, எரிக்கவுமில்லை. பரண்மேல் வைத்தார். தோல் எலி கடித்துப் போயிற்று. வேம்பின் சட்டம் மட்டும் இன்றும் இருக்கின்றது.

கிறிஸ்தவத் தமிழர் நாடோடி மெட்டை என்றும் வெறுத்தவர் அல்லர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியும் ஞானநொண்டி நாடகமும் இயற்றினார். குறவஞ்சியும் நொண்டியும் தெருவில் ஆடப்பட்டவையே. மெட்டு உள்ளே வந்தது. பறை மட்டும் வாயிலில் நின்றது. மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்னும் பெயரால் அறியப்பட்டவர், இவ்வேறுபாட்டை உணர்ந்து, நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாட்டுகள் அமைத்துப் பறையையும் உள்ளே கொணர்ந்தார். 2025-இல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசான் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ பெற்றார் என்னும் செய்தியை எம் தந்தையார் கைப்பேசியில் இருமுறை வாசித்தார். பின் ஒன்றும் கூறாது வெளியே சென்று நின்றார்.

எம்மூர்க் கம்பெனிகளில் இப்போது ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் பலர் வேலை செய்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்கள் தங்கும் அறைகளிலிருந்து அவர்தம் நாட்டுப் பாட்டுகள் கைப்பேசி வழியே ஒலிக்கும். பொருள் விளங்காவிடினும், அவற்றுள் சில நடவுப் பாட்டின் வழிவந்தன என்று செவி சொல்லுகின்றது. அவற்றின் வேரை ஆராய அவர்தம் நாட்டில் ஒரு மாணவன் இருப்பான் என்று நம்புகின்றேன்.

விடுமுறை முடிந்து புறப்படுமுன் எம் அப்பத்தாவிடம் அக்கும்மியைப் பாடச் சொன்னேன். "அதெல்லாம் படிக்கிற புள்ளைக்கு எதுக்குக் கண்ணு?" என்று மறுத்தார்; பின் இசைந்தார். கைப்பேசியில் பதிவு செய்தேன். முதற்பகுதி தெளிவாக வந்தது. குரல் நடுங்கினும் தாளம் நடுங்கவில்லை. நடுவே சொல் மறந்தது. மும்முறை முயன்றும் வரவில்லை. மறந்த இடத்தில் கைகொட்டு மட்டும் நான்கு அடிக்குரிய அளவு நின்று, அதற்கப்பால் பாட்டு மீண்டும் தொடங்கிற்று. பதினொரு நிமிடப் பதிவு. அந்நான்கு அடியும் ஊத்துக்குளியிலுள்ள தம் தங்கைக்கு நினைவிருக்கும் என்றும், பங்குனியில் அவர் வருவார் என்றும் கூறினார். அப்பொழுது ஊர் செல்ல விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றேன்.